கோப்பின் பெயரும் கருவியின் பேச்சும்

தென்கிழக்கு ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களுக்கிடையே, 1972இல் அமைக்கப்பட்ட கெஜோரா மேம்பாட்டு வாரியத்தின் திட்டத்தில் உருவான பண்டார் தெங்காராவிலும் மென்பொருள் எழுதுவோரின் தொழிற்களம் முனையம் எனப்படும் எழுத்துத்திரையே ஆகும். படங்களோ பொத்தான்களோ இன்றி, தட்டச்சிடும் சொற்களால் மட்டுமே இயங்கும் கட்டளைவரிக் கருவிக்குப் பிழைச்செய்தி என்னும் ஓரிரு வரிகளைத் தவிர வேறு வாய் கிடையாது என்பதால், அவ்வரிகளைச் செதுக்குவதில்தான் இத்தொழிலாளரின் கைத்திறன் தெரிகிறது.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் என்னும் கருவி, நிரல்களின் மாற்றங்களை வரிசையாகச் சேமிப்பது. எந்தக் கோப்பு எந்நிலையில் உள்ளது என்ற பட்டியலை அது நேரடியாகத் திருத்துவதில்லை; 'இண்டெக்ஸ்.லாக்' என்ற தற்காலிகப் பூட்டுக்கோப்பில் புதிய பட்டியலை முழுவதும் எழுதி முடித்த பிறகே, அதன் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. இதனால் வேலை நடுவில் அறுந்தாலும் பழைய பட்டியல் சிதையாது. ஆனால் பூட்டுக்கோப்பு அங்கேயே தங்கிவிடக்கூடும். அடுத்த முறை இயக்க அமைப்பு 'கோப்பு ஏற்கெனவே உள்ளது' என்று மட்டுமே சொல்லும். கிட் அத்துடன் நிற்காமல், எந்தக் கோப்பு என்பதையும், வேறொரு கிட் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதையும், முன்பு ஓடிய கிட் இடையில் முறிந்திருந்தால் அக்கோப்பைக் கையால் நீக்கலாம் என்பதையும் கூறுகிறது. பிழைச்செய்திக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் காண்பது அரிது.

தமிழ்ப் பெயர் வரும்போது இதே கருவி தடுமாறுகிறது. 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனின் நாடாகிய மலேசியாவில் கோப்புக்குத் தமிழில் பெயரிடுவது இயல்பான செயல். ஆயினும், 'கோப்பு' என்றே பெயரிட்ட ஒரு கோப்பின் நிலையைக் கேட்டால், 'க' இருக்க வேண்டிய இடத்தில் \340\256\225 என்று திரையில் வருகிறது. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ள, ஆங்கில எழுத்துவரம்புக்கு அப்பாற்பட்ட பைட்டுகளைக் கிட் அசாதாரணமானவை எனக் கருதி எட்டடிமான எண்களாக அச்சிடுகிறது; அப்பெயரின் ஆறு குறிகள் பதினெட்டு எண்களாகின்றன. 'கோர்.குவோட்பாத்' என்ற அமைப்பை அணைத்தால் தமிழ் மீண்டும் தெரியும். தீர்வு ஒரு வரிதான். அந்த ஒரு வரி இருப்பதை எண்குவியல் எங்கும் குறிப்பிடாததே உண்மையான குறை.

இதைவிட நுட்பமானது 'ோ' என்னும் உயிர்க்குறியின் சிக்கல். ஒருங்குறியில் அது தனிக் குறியாகவும், 'ே', 'ா' என்னும் இரு குறிகளின் இணைப்பாகவும் எழுதப்படலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை பெயர்களைப் பிரித்தே சேமிக்க, லினக்ஸோ பைட்டுகளை மட்டும் ஒப்பிட்டு அவற்றை இருவேறு கோப்புகளாகக் கொள்கிறது. மேக்கில் பிரிந்த குறிகளைச் சேர்த்துப் படிக்கும் ஏற்பாடு 2012இல் கிட்டின் 1.7.12ஆம் பதிப்பில் வந்தது. எனினும், கண்முன் இருக்கும் கோப்பை 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று மறுக்கும் கருவிகள் இன்னும் உண்டு. கோப்புறையிலுள்ள பெயர்களை ஒரே வடிவுக்குக் கொணர்ந்து ஒப்பிட்டால், 'இதே தோற்றத்தில் வேறு குறிவரிசையுள்ள பெயர் இருக்கிறது' என்று அவை சொல்ல முடியும். அதற்கு வேண்டிய விதிகள் ஒருங்குறித் தரத்திலேயே வரையறுக்கப்பட்டுள்ளன.