ஈரம்

தமிழிலே ‘ஈரம்’ என்னுஞ் சொல்லுக்கு நீர்ப்பசை என்பது ஒரு பொருள். அன்பு என்பது மற்றொரு பொருள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நிலத்தில் வளர்ந்த மொழியில் இவ்விரண்டும் ஒரே சொல்லில் அடங்கியமை இயல்பேயாகும். ஆனால், ஆண்டின் பெரும்பகுதியை மழையிலும் மூடுபனியிலும் கழிக்கின்ற தேயிலைத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவிலே பிறந்தவனுக்கு அச்சொல் முதலில் நினைவூட்டுவது பாயின் அடியிற் படரும் பூஞ்சணத்தையும், விடியற்காலையில் தாயின் நெஞ்சிலிருந்து எழும் சீழ்க்கையொலியையுமே. அந்த ஈரத்தோடு எங்கள் குடும்பம் நடத்திய போராட்டத்தைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றேன். இதில் நான் கற்றதும் உண்டு; கற்றதனாற் செய்த பிழையும் உண்டு.

ஹற்றனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டம் எமது ஊர். கடல் மட்டத்திலிருந்து ஹற்றன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. மேற்குச் சரிவாதலின் மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று எம்மை நேரே வந்து தாக்கும். அம்மாதங்களில் வெயிலிற் காயவைத்த துணி என்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அடுப்பின்மேற் கட்டிய கொடியிலே காய்ந்த, புகைமணம் வீசும் துணிகளையே உடுத்துப் பாடசாலைக்குச் சென்றோம்.

மலையைப் படிபோல வெட்டி, அந்த வெட்டுமுகத்துக்கு முதுகு காட்டியவாறு லயம் கட்டப்பட்டிருந்தது. கருங்கற் சுவர், தகரக் கூரை, முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, உள்ளே பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா. அதனுள் நாங்கள் அறுவர். பின்சுவரில் சன்னல் இல்லை. அச்சுவரின் அடிப்புறம் ஆண்டு முழுவதும் கறுத்தே இருக்கும். மழைக்காலத்தில் அக்கறுப்பு இடுப்பளவுக்கு ஏறும். தரையில் விரித்த சாக்கு காலையிற் பிழியத்தக்கதாக இருக்கும். அம்மாவுக்கு இழுப்பு நோய் இருந்தது. கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறும் அவருடைய மூச்சு, இரவில் படுத்தவுடனேதான் திணறும்.

என் தந்தையார் தோட்டத்து மேசனாக இருந்தார். எனக்குப் பத்து வயதிருக்கும்; துரையின் பங்களாவில் ஓர் அறையின் பலகைத் தரை உக்கிவிட்டதென்று அவரை அழைத்தார்கள். சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் சென்றேன். அக்காலத்துப் பங்களாக்கள் பலவற்றைப் போலவே அதன் தரையும் மண்ணில் தங்கவில்லை. கருங்கற் தூண்களின்மேல் மரச்சட்டங்களும், அவற்றின்மேற் பலகைகளும் இருந்தன. தரைக்கும் மண்ணுக்கும் இடையே ஒருவர் தவழ்ந்து செல்லக்கூடிய வெளி. வெளிச்சுவரின் அடியில் இரும்புக் கம்பியிட்ட காற்றுத்துளைகள். பங்களாவைச் சுற்றிலும் கல் பதித்த கான்.

தந்தையார் முன்னே தவழ, நான் விளக்குடன் பின்னே தவழ்ந்தேன். அங்கே புழுதி பறந்தது. எனக்குத் தும்மல் வந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு யூலை மாதத்தில் புழுதியைக் கண்ட வியப்பு இன்றும் எனக்கு மாறவில்லை. துரையின் காலடிக்குக் கீழே, எவரும் படுக்காத, எவரும் பார்க்காத அந்த மண், எங்கள் படுக்கையைவிட உலர்ந்திருந்தது. ஒரு மூலையில் மட்டுமே ஈரமும் உக்கலும் இருந்தன. வெளியே பூப்பாத்தி அமைத்தவர்கள் அம்மூலையின் காற்றுத்துளையை மண் குவித்து மூடிவிட்டிருந்தார்கள். தந்தையார் அம்மண்ணை விலக்கி, துளையைத் திறந்து, உக்கிய பலகையை மாற்றினார். வேலை அவ்வளவே.

பிற்காலத்தில் மற்றோர் இடத்தையும் இதனோடு ஒப்பிட்டு நோக்கலானேன். தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையே அது. அங்கு நடைபெறும் வேலைகளுட் பெரும்பகுதி ஈரத்தை அகற்றும் வேலைதான். கொழுந்தைப் பரப்பி, காற்றூட்டி, வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, இறுதியில் வெப்பக்காற்றில் உலர்த்தும்போது தேயிலையில் எஞ்சும் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்களவே. அதற்குமேல் ஈரம் ஏறினால் மணம் கெடும். நாட்செல்லப் பூஞ்சணமும் பிடிக்கும். ஆகையால் அக்காலத்தில் பலகைப் பெட்டிகளின் உள்ளே ஈயத்தாள் ஒட்டி, அதில் தேயிலையை நிரப்பி அனுப்பினார்கள். ஈரம் எவ்வாறு வருகின்றது, எவ்வாறு தடுப்பது என்னும் அறிவு எங்கள் தோட்டத்தில் இல்லாமலில்லை. அது தேயிலைக்கும் பங்களாவுக்கும் உரியதாக இருந்தது, லயத்துக்கு வரவில்லை.

1981ஆம் ஆண்டில் நான் பேராதனையிற் பொறியியல் மாணவன். ஒரு வீட்டுக்கு ஈரம் மூன்று வழிகளில் வருகின்றதென்பதை அங்குக் கற்றேன். முதலாவது, மண்ணிலுள்ள நீர் கல்லிலும் காரையிலும் உள்ள நுண்ணிய துளைகளின் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலேறுவது. இரண்டாவது, சரிவில் இறங்கும் நீர் பக்கவாட்டில் சுவரை நனைப்பது. மூன்றாவது, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பிற் பட்டு நீராகப் படிவது. 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்று, கனமீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் ஏறத்தாழ 9 கிராமையே தாங்கும். எஞ்சியது தகரத்தின் அடிப்புறத்தில் துளியாகத் தொங்கும். உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை வெளியிடுகின்றார். அறுவர் எட்டு மணி நேரம் உறங்கினால் அது இரண்டு லீற்றருக்குச் சற்றே குறைவு. ஈர விறகு எரியும் அடுப்பின் ஆவி இதற்குப் புறம்பானது.

இவ்வளவையும் படித்திருந்தும், அவ்வாண்டு விடுமுறையில் நான் செய்த காரியம் நகைப்புக்குரியது. அன்று அது நகைப்புக்குரியதாக இருக்கவில்லை. அம்மாவின் இழுப்புக்குக் குளிரே காரணமென்று முடிவுசெய்தேன். சுவருக்கும் தகரத்துக்கும் இடையே இருந்த இடைவெளி முழுவதையும் சாக்குத் துண்டுகளால் அடைத்தேன். கறுத்த பின்சுவரின் அடிப்பாகத்தில் வளமான சீமெந்துக் கலவையைப் பூசினேன். முதல் இரவு காம்பரா வெதுவெதுப்பாக இருந்தது. எல்லோரும் என்னைப் புகழ்ந்தனர். மூன்றாம் இரவு தகரத்திலிருந்து மழைபோல நீர் சொட்டியது. போக வழியற்ற அடுப்புப் புகை கண்ணை மறைத்தது. சீமெந்தினால் தடுக்கப்பட்ட சுவரின் ஈரம், அதற்கு மேலே புதிய கறுப்புப் பட்டையாக எழுந்தது. பத்தாம் இரவு அம்மாவுக்கு மூச்சு முட்டியது. தோட்டத்து லொறியை எழுப்பி, சாக்குக் கட்டிலில் அவரைக் கிடத்தி, மழையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். வழி முழுவதும் அவருடைய கை என் கையில் இருந்தது. அது ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தது. அன்று நான் கற்ற கல்வி முழுவதும் எனக்குப் பகையாகத் தோன்றியது.

அம்மா பிழைத்து வந்தார். தந்தையார் என்னைக் கடிந்து ஒரு வார்த்தையும் கூறவில்லை. ஏணியை வைத்து ஏறி, சாக்குகளைப் பிடுங்கி எறிந்தார். பின்னர் இரண்டு மண்வெட்டிகளை எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினார். “தண்ணிக்கு மொதல்ல வழிய காட்டு தம்பி, அப்புறமா கதவச் சாத்தலாம்” என்றார். பங்களாவின் அடியில் அவர் செய்த வேலையின் பொருள் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

முதலில் லயத்தின் பின்னே, வெட்டுமுகத்துக்கும் சுவருக்கும் இடையே தூர்ந்து கிடந்த கானைத் தரைமட்டத்துக்குக் கீழே இரண்டடி ஆழத்துக்கு வெட்டினோம். எங்கள் காம்பராவின் அளவுக்கு மட்டும் வெட்டியபோது, நீர் அடுத்த காம்பராவின் சுவரடியிற் சென்று நின்றது. ஆதலால் அடுத்தவரும், அவருக்கு அடுத்தவரும் மண்வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னிரண்டு காம்பராக்களின் கானும் ஒன்றாகி, ஓடையிற் போய்ச் சேர்ந்தது. கூரை ஒன்று, சுவர் ஒன்று, கானும் ஒன்று. லயத்தில் எவரும் தம் வீட்டை மட்டும் உலர்த்திக்கொள்ள இயலாது.

அடுத்து, தரையைப் பெயர்த்து அரையடி மண்ணை அகற்றினோம். அவ்விடத்தில் மணல் கலவாத பெருங்கற்களை அடுக்கினோம். கற்களின் இடைவெளி பெரிதாக இருந்தால் நீர் திரியில் ஏறுவதுபோல ஏறாது. அதன்மேல் மெல்லிய மணற்படை. அதன்மேல் என் புலமைப்பரிசுப் பணத்தில் ஹற்றன் கடைவீதியில் வாங்கிய தடித்த கரும் பொலித்தீன். பொருத்துகளில் ஒரு சாண் அளவு ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு, ஓரங்களைச் சுவரில் நான்கு விரல் உயரத்துக்கு மடித்தோம். அதன்மேற் சீமெந்துத் தரை. சுவரில் நான் பூசிய சீமெந்தைத் தந்தையாரே கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசினார். சுண்ணாம்பு, சுவர் மூச்சுவிட இடந்தரும் என்பது அவருடைய விளக்கம். என் பாடநூலும் வேறு சொற்களில் அதையே கூறியிருந்தது. அடுப்புக்கு மேலே புகைபோக வழி வைத்தோம். இறுதியாக, ஸ்டோரில் கழித்த தேயிலைப் பெட்டிகளின் பலகைகளை, ஈயத்தாளோடு, தகரத்துக்கு ஒரு சாண் கீழே கூரைத்தட்டாக அடித்தோம். மேலே காற்று உலாவ இடமிருந்தது. குளிர்ந்த தகரத்தை எங்கள் மூச்சு நேரே சென்று தொடுவது பெரிதும் குறைந்தது. தேயிலையைக் காத்த தாள், அதைப் பறித்தவரையும் சில காலம் காத்தது.

நோய் முற்றாக நீங்கியதென்று கூறினால் அது பொய்யாகும். ஆனால் அடுத்த பருவமழையில் அம்மாவை ஒருமுறையேனும் இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல நேரவில்லை. “காலு சில்லுன்னு இல்ல” என்று மட்டும் அவர் கூறினார். எனக்குப் பின்னாளிற் கிடைத்த பட்டத்தைவிட அவ்வார்த்தை பெரிதாக இருந்தது.

நிர்வாகத்திடமிருந்து வந்த செய்தி வேறு. லயம் தோட்டத்துக்குரியது, அனுமதியின்றித் தரையைப் பெயர்த்தது குற்றம் என்று எச்சரிக்கப்பட்டோம். அந்த எச்சரிக்கையில் ஒரு வரலாறே அடங்கியிருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்கள், 1972, 1975ஆம் ஆண்டுகளில் காணிகள் அரசுடைமையானபோதும், 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் மீண்டும் சென்றபோதும், தாம் உறங்கும் தரைக்கு உரியவராகவில்லை. தனதல்லாத சுவரைப் பழுதுபார்க்க எவருக்கு மனம் வரும்? உரியவனுக்கோ அச்சுவரின் உள்ளே உறங்கவேண்டிய தேவையில்லை. ஈரம் நிலைத்ததற்கு மழையைவிட இதுவே பெருங்காரணம் என்பது என் துணிபு.

பிற்காலத்தில் மேலைநாட்டுக் கட்டட நூல்களைப் படித்தபோது, தரைக்கடி வெளியைப் பற்றி அங்கும் நீண்ட விவாதம் நடந்திருப்பதை அறிந்தேன். அமெரிக்காவில் அவ்வெளிக்குக் காற்றுத்துளை வேண்டுமென்பது நெடுங்கால விதி. ஆனால் வெப்பமும் ஈரமும் மிகுந்த தென்மாநிலக் கோடையில், வெளிக்காற்று உள்ளே புகுந்து, குளிரூட்டப்பட்ட தரையின் அடியிலே நீராகப் படிந்து மரத்தை உக்கவைத்தது. அதனால் அண்மைத் தசாப்தங்களில், மண்ணைப் பொலித்தீனால் மூடி, துளைகளை அடைத்து, சுற்றுச்சுவருக்கு வெப்பக்காப்பு இடும் முறை அங்குப் பரவியது. குளிரூட்டப்படாத எம் மலைநாட்டுப் பங்களாவில் திறந்த துளை நன்மை செய்தது. அங்கே அதே துளை தீமை செய்தது. நீர் எத்திசையிலிருந்து வருகின்றது என்று முதலிற் கேட்காத எந்த விதியும், நான் அடைத்த சாக்கைப் போன்றதே.

இன்று தந்தையாரும் இல்லை, அம்மாவும் இல்லை. ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் பல எழுந்துள்ளன. லயங்களிலேயே வாழ்வோரும் இன்னும் பலர். அண்மையில் என் அக்காள் மகனின் புதுமனை புகுவிழாவுக்குச் சென்றேன். பளபளக்கும் தரையோட்டையும் வண்ணச் சுவரையும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் வீட்டின் பின்புறம் சென்றேன். மலையை வெட்டிய முகம் அப்படியே நின்றது, கான் இல்லை. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதையும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகத்திற் பல சரிவுகள் இறங்கியதையும் நினைத்தேன். அத்தகைய பேரழிவை ஒரு வீட்டின் கான் தடுத்துவிடாது. ஆயினும் மலையின் நீருக்கு மதிப்பளிக்கும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கவேண்டும். “மாமா, அங்க என்னா பாக்குறீங்க?” என்று மருமகன் வந்தான். மண்வெட்டி இருக்கின்றதா என்று கேட்டேன். புதுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் இறங்கினான்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். அச்சுவர் உலர்ந்திருக்கவும் வேண்டும். பொறியியலும் மருத்துவமும் பயிலும் தம்பி தங்கையரே, விடுமுறைக்குச் செல்லும்போது உங்கள் காம்பராவின் பின்சுவரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அதன்பின் பாடநூலைத் திறவுங்கள். அதற்கும் முன்பாக, அச்சுவரோடு வாழ்ந்தவரிடம் கேளுங்கள். ஈரம் நீங்கவேண்டியது சுவரிலிருந்து. நெஞ்சில் அது இருக்கட்டும்.