ஆயாம்மா படத்துக்கு எந்தத் தாள்?

“ஃபைன் ஆர்ட் பிரிண்ட் போடணும் டாக்டர், காட்டன் பேப்பரா செல்லுலோஸ் பேப்பரா?” போன மாதம் மட்டும் மூணு பேர் இன்பாக்ஸில் கேட்டுட்டாங்க. சுகர், பிரஷர் பற்றிக் கேட்பவர்களைவிட இவங்களுக்குப் பதில் சொல்வதில் எனக்கு ஆர்வம் அதிகம்னு இங்கே எல்லாருக்கும் தெரியும். நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலில், அந்தக் கேள்வியே கொஞ்சம் கோணல். காட்டனும் செல்லுலோஸ்தான். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கிற நீளமான சங்கிலி. பருத்தியில் இருப்பதும் அதுதான், மரத்தில் இருப்பதும் அதுதான். வித்தியாசம் எங்கே என்றால், பருத்தி இயற்கையிலேயே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். மரத்தில் அது ஏறக்குறைய பாதிதான். மீதியில் லிக்னின் என்று ஒரு பசை இருக்கு. மரத்தை மரமாக நிற்க வைப்பது அது. பழைய தினசரியை வெயிலில் போட்டால் நாலு நாளில் மஞ்சளாகுதே, அந்த வேலையும் அதோடதுதான். அந்த லிக்னினை வேதிமுறையில் நன்றாக நீக்கி எடுத்த மரக்கூழைத்தான் ‘ஆல்ஃபா செல்லுலோஸ்’ என்கிறார்கள். தினசரித் தாளும் இதுவும் ஒரே மரத்திலிருந்து வந்தாலும் ஒரே ஜாதி கிடையாது.

காட்டன் பேப்பர் என்றதும் பஞ்சு மூட்டையை நினைக்காதீங்க. பெரும்பாலும் அது லின்டர். நூற்பதற்கான நீள இழையைப் பிரித்த பிறகு, கொட்டை மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பூனைமுடி. மதுரைப் பக்கம் பருத்திப்பால் குடித்தவர்களுக்கு அந்தக் கொட்டை தெரியும். பால் ஒரு பக்கம், தாள் இன்னொரு பக்கம்.

இப்போ எங்க ஃபார்மசிக்கு வாங்க. நாங்கள் தினமும் கொடுக்கிற பல மாத்திரைகளில் மருந்தைச் சேர்த்துப் பிடிக்க மைக்ரோகிறிஸ்டலைன் செல்லுலோஸ் இருக்கு. அதைத் தயாரிப்பது பெரும்பாலும் இதே ஆல்ஃபா மரக்கூழில் இருந்துதான். அமிலத்தில் போட்டு சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டினால் அந்தப் பொடி கிடைக்கும். சுவரில் மாட்டின தாளுக்குள் அமிலம் இருந்தால் நடப்பதும் அதேதான், ஆனால் மெதுவாக, பல வருஷமாக. தாள் அப்பளம் மாதிரி நொறுங்குவது அதனால்தான். அதைத் தடுக்கத்தான் நல்ல தாள்களில் கால்சியம் கார்பனேட் சேர்க்கிறார்கள். நெஞ்செரிச்சலுக்கு ஆன்ட்டாசிட் கொடுக்கிற அதே லாஜிக்.

அதனால் நான் தாள் விவரத்தில் முதலில் தேடுவது ‘காட்டன்’ என்ற சொல்லை இல்லை. ஐஎஸ்ஓ 9706 இருக்கா என்று பார்ப்பேன். நீடித்துழைக்கும் தாளுக்கான தரம் அது. காரத்தன்மை இவ்வளவு இருக்கணும், லிக்னின் போன்றவை இவ்வளவுக்கு மேல் கூடாது என்று சொல்லும். பருத்தியாகத்தான் இருக்கணும்னு சொல்லாது.

அப்போ காட்டனுக்கு எதுக்குக் கூடுதல் காசு? தொட்டுப் பார்த்தால் தெரியும். துணி மாதிரி ஒரு மிருது. கையாளுகையில் வளையும், சட்டென்று மடிப்பு விழாது. திரும்பத் திரும்பக் கையில் எடுக்கப்போகும் படம் என்றால் அந்தக் காசு நியாயம். இன்னொன்றும் சொல்லணும். இங்க் நாரில் உட்காருவதே இல்லை. மேலே பூசியிருக்கும் மெல்லிய பூச்சில்தான் உட்காருது. நிறம், கறுப்பின் ஆழம் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பூச்சின் தயவு.

வரலாற்றில் ஒரு சின்ன உதாரணம். 1991-இல் பாடகர் கிரஹாம் நாஷ் கலிஃபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் என்று ஒரு பிரிண்ட் கூடம் ஆரம்பிச்சார். அச்சகங்களில் ப்ரூஃப் எடுக்க வந்த ஐரிஸ் 3047 மெஷினைப் பிடித்து, ஓவியத் தாளை ஏற்றிக் கலைப் பிரதிகள் எடுத்தாங்க. ‘ஜீக்லே’ என்ற பெயரே அங்கே பிறந்ததுதான். அந்தக் காலத்து ஐரிஸ் சாய இங்க் சில வருஷங்களிலேயே வெளுத்துப்போச்சு. தாள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்து என்ன பயன்? அதனால் லேபில் முதலில் கேளுங்க: பிக்மென்ட் இங்க்கா, டை இங்க்கா? தாள் அப்புறம்.

சரி, இவ்வளவும் நான் ஏன் தலையில் போட்டுக்கிட்டேன்?

எங்க பிரசவ வார்டு ஆயாம்மா ரிட்டையர் ஆனாங்க. 31 வருஷம். அவங்க கையில் துடைச்சு சுத்தின பிள்ளைகளுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் ஆதார், ஐடி கார்டு தவிர அவங்களுக்குன்னு ஒரு நல்ல படம் இல்லை. ஜன்னல் ஓரம் நின்னு, பிள்ளையைச் சுத்த உறவுக்காரங்க கொண்டுவந்த பழைய வேட்டித் துண்டுகளை மடிச்சுக்கிட்டிருந்தப்போ நான் எடுத்த ஒரு படம் இருந்தது. அதைப் பெரிசா பிரேம் போட்டுக் கொடுக்கலாம்னு வார்டில் பணம் சேர்த்தாங்க. துப்புரவுப் பணியாளர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்தாங்க. அந்த நூறு ரூபாயின் கனம் எனக்குத் தெரியும். என் சொந்தக் காசு என்றால் யோசிக்காமல் காட்டன்னு சொல்லியிருப்பேன். இது மத்தவங்க காசு.

சென்னை லேபில் இரண்டு தாளிலும் முகம் மட்டும் ஒரு துண்டு அடிச்சு அனுப்பச் சொன்னேன். காட்டன் விலை மற்றதைப் போல ஒன்றரை மடங்கு. இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம், முந்நூறு ஜிஎஸ்எம் சுமார்.

தோல் ஓபியில் வெண்புள்ளி பார்க்கிற வுட்ஸ் லாம்ப் இருக்கு இல்லையா, புற ஊதா விளக்கு? அதை இரவல் வாங்கி இருட்டறையில் இரண்டு துண்டையும் பார்த்தேன். தாள் வெள்ளையாகத் தெரிய சில கம்பெனிகள் பிரைட்னர் சேர்ப்பார்கள். தாளுக்குப் போடுகிற சொட்டு நீலம்னு வைங்க. புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். காலப்போக்கில் அது சோர்ந்துவிடும், தாள் மஞ்சள் பக்கம் சாயும். காட்டன் என்பதால் இது இருக்காதுன்னு நம்பிடாதீங்க. ஹானமூலேவின் ஃபோட்டோ ராக் நூறு சதவீதம் காட்டன், ஆனாலும் கொஞ்சம் பிரைட்னர் உண்டு. கேன்சனின் ராக் ஃபோட்டோகிராஃபிக்கும் காட்டன்தான், அதில் கிடையாது. எனக்கு வந்த இரண்டு துண்டும் விளக்கில் மங்கலாகத்தான் இருந்தன. பளீர்னு எரிஞ்சது என் வெள்ளைக் கோட்டு. சோப்புத்தூள் உபயம்.

அதே துண்டுகளை ஹெட் சிஸ்டரிடம் காட்டினேன். இரண்டையும் விரலால் தடவிப் பார்த்துட்டு, “சார், காட்டன்லயே போடுங்க. ஆயாம்மா காலம் பூரா காட்டன் துணியிலதானே புள்ளையச் சுத்துனாங்க” என்றார். இதற்கு ரசாயனத்தில் பதில் கிடையாது.

ஆனால் படம் மாட்டப்போகும் வீடு கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம். ஓட்டு வீடு. மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். பூஞ்சைக்கு மரநார், பருத்தி நார் என்ற பேதமெல்லாம் இல்லை, ஈரம் இருந்தால் இரண்டுமே சாப்பாடுதான். அங்கே படத்தைக் காப்பாற்றப் போவது பிரேம். ஆல்ஃபா துண்டில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தது. கையில் வைத்துப் பார்த்தால் ஆயாம்மா முகச் சுருக்கத்தோடு அது போட்டி போட்டது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்து மூணடி தள்ளி நின்றால் தெரியவே இல்லை.

முடிவு: பெரிய படம் ஆல்ஃபா செல்லுலோஸில். மிச்சமான காசு பிரேமுக்கு. தாள் கண்ணாடியைத் தொடாதபடி அமிலமில்லாத மவுண்ட் அட்டை. தொட்டால் ஈரத்தில் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கும், பிரிக்கவே முடியாது. பின்பக்கம் நாலு மூலையிலும் ரப்பர் குமிழ், சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்றோட. பிரேம் கடைக்காரர் “லேமினேட் பண்ணிடலாம் சார், நூறு வருஷம் வரும்” என்றார். கும்பிடு போட்டுட்டு வந்தேன்.

சிஸ்டர் சொன்னதும் மனசில் நின்றதால், அதே படத்தைக் கையகல சைஸில் காட்டனில் ஒன்று, கண்ணாடி இல்லாமல். அது என் காசு.

போன வாரம் மருமகளை செக்கப்புக்குக் கூட்டிக்கிட்டு ஆயாம்மா வந்திருந்தாங்க. பெரிய படம் உள்சுவரில் இருக்காம், சாரல் படாத இடம். சின்னது? “பீரோவுல பொடவைக்கு நடுவுல வச்சிருக்கேன் தம்பி, அப்பப்ப எடுத்துப் பாப்பேன். பூச்சி அரிக்காம பாச்சை உருண்டையும் போட்டிருக்கேன்.” புடவை இருக்கட்டும், உருண்டையை மட்டும் எடுத்துடுங்கன்னு சொல்லியிருக்கேன்.