தோம்புக்கு வெயில் ஆகாது

நைட்ரஸ் செட் வாங்கப் போனால், கூடவே ஒரு ஹீட்டரையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நைட்ரஸ் அடைத்த தோம்பைச் சுற்றிக் கட்டும் மின்சாரப் போர்வை அது. குளிர் நாட்டுக்காரனுக்கு அவசியம்தான். மத்தியான வெயிலில் ஸ்கூடாயில் நிறுத்திய காடியின் பூட்டைத் திறந்து பார்த்தவனுக்குச் சிரிப்புதான் வரும்.

2001இல் கார் ரேஸ் படம் ஒன்று வந்ததிலிருந்து, நைட்ரஸ் என்றால் எரிகிற சரக்கு என்றே தம்பிகள் நம்புகிறார்கள். அது தானாக எரியாது. எஞ்சின் சூட்டில், 300 டிகிரி வாக்கில், நைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியும். எடைக் கணக்கில் காற்றில் ஆக்சிஜன் 23 சதவீதம்; இதில் 36. கூடுதல் ஆக்சிஜன் கிடைத்தால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், அவ்வளவுதான் வித்தை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானங்கள், காற்று மெலிந்த உயரத்தில் எஞ்சின் திணறாமலிருக்க இதையேதான் பயன்படுத்தின.

தோம்புக்குள் அது திரவமாக இருக்கிறது. 21 டிகிரியில் அழுத்தம் ஏறத்தாழ 760 பிஎஸ்ஐ. நைட்ரஸ் பாயும் ஜெட் துளைகளின் அளவுகளோ 900 முதல் 1,000 பிஎஸ்ஐ வரை இருக்கும் என்ற கணக்கில் அமைந்தவை; குளிர் நாட்டில் ஹீட்டர் அதற்குத்தான். 36.4 டிகிரியைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் நைட்ரஸ் திரவமாக நிற்காது. அதன் பிறகு அழுத்தம் எகிறும். நைட்ரஸ் கூடுதலாகப் பாயும். பெட்ரோல் மட்டும் பம்ப் தரும் அதே அளவில் வரும். கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவையில் பிஸ்டன் தலை ஓட்டையாகச் சில விநாடிகள் போதும். அதனால்தான் நான் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் தோம்பு எங்கே உட்காரும் என்று பார்க்கிறேன். வெயில் படாத பக்கம், சைலன்சர் சூடு ஏறாத தரை. ஓட்டத்துக்கு முன் ஈரத்துண்டு சுற்றி வைப்பவர்களும் உண்டு, நானும் சுற்றுவேன்.

தோம்பைப் படுக்கவைப்பதிலும் முறை இருக்கிறது. உள்ளே ஒரு குழாய் வளைந்து அடிப்பக்கம் போகும். வால்வு முன்னால், லேபிள் மேலே. காடி பாயும்போது திரவம் பின்னுக்கு ஒதுங்கும்; குழாயின் வாய் அங்கேதான் காத்திருக்கும். திருப்பி மாட்டினால் வெறும் வாயுதான் வரும்.

சத்ரியா ஜிடிஐ போன்ற காடிகளுக்குத் தனியாக ஒரு வேலை உண்டு. பூட்டுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. அழுத்தம் மீறினால் தோம்பின் பாதுகாப்புத் தகடு கிழிந்து மொத்தத்தையும் கக்கிவிடும். அது காடிக்குள் நிறைந்தால் மூச்சடைக்கும். தகட்டிலிருந்து வெளியே ஒரு குழாய் விட்டே ஆகவேண்டும். அதைக் கூடுதல் செலவு என்று நினைக்கும் பட்டறைகளும் இருக்கின்றன.

மீதி எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையல் கேஸ் மாதிரிதான்: திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தம் சூட்டை மட்டுமே காட்டும். தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 10 பவுண்டு தோம்பு என்றால் சரக்கு நாலரைக் கிலோ.

வயரிங்தான் பொறுமையைச் சோதிக்கும். மெயின் சுவிட்ச் ஒன்று. முழு எக்ஸிலேட்டரில் மட்டும் தட்டும் மைக்ரோ சுவிட்ச் ஒன்று. 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் மட்டும் வழிவிடும் பெட்டி ஒன்று. மூன்றும் சம்மதித்தால்தான் சொலினாய்டு திறக்கும். குறைந்த சுற்றில் திறந்துவிட்டால் பெட்ரோல் மேனிஃபோல்டில் தேங்கி வெடிக்கும். ஏர் பாக்ஸ் சிதறும். ஃப்ளேர் ஜாயிண்டில் டெஃப்ளான் டேப் சுற்றுகிற ஃபோர்மனைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பிய்ந்த துணுக்கு சொலினாய்டில் சிக்கினால் வால்வு மூடாது, அப்புறம் எந்தச் சுவிட்சும் கேட்காது.

நாலு சிலிண்டர் பழைய எஞ்சினுக்கு முதலில் 35 குதிரைசக்தி ஜெட்தான். 50 கேட்டால் டைமிங்கை இரண்டு டிகிரி பின்தள்ளி, பிளக்கில் 6ஆம் எண்ணுக்குப் பதில் 7 போட்டு, ரோன் 97 ஊற்றச் சொல்வேன். ஒரு ஓட்டம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். பீங்கானில் மினுமினுக்கும் துளிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம்; அன்றைக்கு ஓட்டம் அதோடு சரி.

“அண்ணே, பாண்டார் ரோட்டுல ராத்திரி ஒரு தடவை மட்டும்?” என்று கேட்பார்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியில்லாத மாற்றத்தோடு பொதுச் சாலையில் ஓட்டுவதும், அங்கே ரேஸ் விடுவதும் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். அதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், கேட்க மாட்டார்கள். ஆகவே நான் செய்வது இது: சீக்கிரம் கழற்றும் பிராக்கெட் போட்டுத் தருவேன், தோம்பு என் பட்டறையிலேயே நிழலில் இருக்கும். “டிராக் டே டிக்கெட்டைக் காட்டு தம்பி, எடை போட்டுத் தூக்கிட்டுப் போ.” சிலர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள்.