குற்றகலப் பாதையின் பழம்பொறிகள்

வேல்சு நாட்டின் மேற்குக் கடலோரத்தில் டவின் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே டாலிலின் இருப்புப்பாதையின் தொடக்க நிலையத்தில் குற்றகல இருப்புப்பாதை அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அதனை நடத்துவோர் தொண்டூழியர்கள்.

தீபகற்ப மலேசியாவில் தொடர்வண்டிப் பாதையின் அகலம் ஒரு மீட்டர். டாலிலின் பாதையின் அகலமோ 2 அடி 3 அங்குலமே. பலகைக்கல்லை மலையிலிருந்து இறக்கிவர 1865-இல் அமைக்கப்பெற்ற பாதை அது. கூரைக்கு ஓடாகவும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிலேட்டாகவும் பயன்பட்டது அக்கல்லே. 1946-இல் கற்சுரங்கம் மூடப்பட்டது. 1950-இல் பாதையின் உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் மறைந்தார். பாதையும் அவரோடு மறைந்திருக்கும். எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் முதலானோர் ஒரு சங்கம் கண்டு, 1951 முதல் தாமே வண்டியை ஓட்டலாயினர். அப்போது ஓடும் நிலையில் இருந்தது 1866-இல் செய்த டால்கோக் என்னும் ஒரே பொறிதான். தண்டவாளத்தை நிலைகுலையாமல் பிடித்திருந்தது புல்லின் வேரே என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தொண்டூழியத்தால் காப்பாற்றப்பெற்ற உலகின் முதல் இருப்புப்பாதை இதுவே.

பழம்பொறிகளைச் சேர்க்கும் பணியும் அந்த 1950-களிலேயே தொடங்கியது. அவற்றுள் டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவாலையின் பொறி கருதத்தக்கது. தரையின் அழுக்கும் தூசும் இயங்கு உறுப்புகளைக் கெடுத்தமையால், உருளைகளைக் கொதிகலனுக்கு மேலே ஏற்றி வைத்தனர். ஆலைக்குள் 1 அடி 10 அங்குலப் பாதையில் ஓடிய இப்பொறிகள், 5 அடி 3 அங்குல அகலப்பாதையிலும் வேலை செய்தன! பொறியைத் தூக்கி ஒரு பெரிய சட்டவண்டிக்குள் இறக்குவார்கள். பொறியின் சக்கரங்கள் அடியிலுள்ள உருள்களைச் சுழற்ற, அச்சுழற்சி பெருவண்டியை நகர்த்தும். பள்ளியில் பற்சக்கரத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கும் ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த பாடக்கருவி கிடைப்பது அரிது. 1877-இல் செய்த 'ஜார்ஜ் ஹென்றி'யோ வேறு வகை. அதன் கொதிகலன் அண்டாவை நிமிர்த்தி வைத்தாற்போல் நிற்கும்.

ஓடாத பொறியைப் போற்றுவதனால் என்ன பயன் என்று வினவுவோர் உளர். 1864-இல் செய்த 'டாலிலின்' பொறியை எடுத்துக்கொள்க. தேய்ந்து ஓய்ந்த அது புதிய கொதிகலனோடு மீளக் கட்டப்பெற்று 1958-இல் பணிக்குத் திரும்பியது. ஓடும் பொறி தன் பழைய உடலை இழந்துகொண்டே ஓடுகிறது. அருங்காட்சியகத்துப் பொறியிலோ அன்றைய கொல்லன் அடித்த தறையாணியைக் காணலாம். ஆயினும் அடுப்பில் நிலக்கரி எரியும் பதத்தையும் நீராவி கசியும் ஓசையையும் அது கற்பிக்காது. ஒன்றைவிட்டு மற்றொன்றைத் தேர்வது பேதைமை. டவினில் இரண்டும் ஒரே நிலையத்தில் வாய்த்துள்ளன.

தாமஸ் என்னும் சிறுவர்க்கான தொடர்வண்டிக் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி, இப்பாதையில் தொண்டூழியராய்க் காவலர் வேலை பார்த்தவர். அவருடைய படிப்பறையும் இவ்வருங்காட்சியகத்தில் மீட்டமைக்கப்பெற்றது. கதை கேட்ட பிள்ளைகள் அதை நாடி வந்து, கின்னஸ் பொறியின் முன் நின்று, உருளை ஏன் மேலே இருக்கிறது என்று கேட்கக்கூடும்.