புத்தூரில் குடித்த ஹோஜிச்சா

யப்பானில் வேலை செய்துவிட்டு வந்த நண்பர் தந்த பைக்கற்றில் இருந்தது ஹோஜிச்சா. பச்சைத் தேயிலைதான், ஆனால் வறுத்துப் பழுப்பாக்கியது. 1920களில் கியோட்டோ வணிகர்கள் முற்றிய இலையையும் காம்பையும் கரி அடுப்பில் வறுத்து விற்கத் தொடங்கினார்கள் என்பார்கள். விலைபோகாமல் கிடந்த காம்பு இன்று பெயரோடும் விலையோடும் உலகம் சுற்றுகிறது. அங்கே வழக்கமாக இதற்குச் சீனி போடமாட்டார்கள். "எங்கடை ஆக்கள் பனங்கட்டி இல்லாமல் குடிப்பினமே? அதைக் காய்ச்சுற வீட்டிலையே வைச்சுப் பாப்பம்" என்று நண்பர் புத்தூருக்குக் கூட்டிப்போனார்.

புத்தூர் இருக்கும் யாழ்ப்பாண வலிகாமத்தின் நிலத்தடி முழுக்கச் சுண்ணக்கல். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். சுண்ணம் ஏறிய தண்ணீரில் தேயிலை போட்டால் மேலே ஆடை படியும், நிறம் மங்கும். யப்பானிலோ பெரும்பாலும் மென்னீர். இருந்தாலும் கிணற்றுத் தண்ணீரையே கொதிக்கவைத்து ஊற்றி, அரை நிமிடத்தில் வடித்தோம். சிவந்த பழுப்பு நிறம். கசப்பு அதிகமில்லை.

"அரிசிமா வறுக்கேக்கை வாற மணமல்லே இது!" என்றார் வீட்டுக்கார அம்மா. ஓலைக் குட்டானைப் பிரித்து ஆளுக்கொரு துண்டு பனங்கட்டி உடைத்துத் தந்தார். அதைக் கடித்துக்கொண்டு குடித்தபோதுதான் எனக்கு அந்தத் தேநீர் பிடிபட்டது. வறுத்த இலையின் புகைமணமும் காய்ச்சிய பாகின் புகைமணமும் நாக்கில் சேர்ந்துகொண்டன.

அதற்குப் பிறகு பேச்செல்லாம் பனங்கட்டியைப் பற்றித்தான். அவருடைய கணவர் அறுபதைத் தாண்டியவர். தை பிறந்தால் காலையும் மாலையும் தளைநாரைக் காலில் மாட்டி, ஐம்பது அறுபது அடிப் பனைகளில் ஏறுவார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு பூசிய முட்டியைக் கட்டுவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது கள்ளாகிவிடும், இருந்தால் கருப்பநீர். ஒரு கிலோ பனங்கட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லீற்றர் வேண்டும். அடுப்படியில் வேலை முழுக்க அம்மாவுடையது. பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டிப் பார்க்கிறார். கரையாமல் உருண்டு வந்தால் இறக்கிக் குட்டானில் வார்க்கலாம்.

"மரமேறுற சாதியெண்டு எங்கடை அப்புவைத் தேத்தண்ணிக் கடைக்குள்ளை விடமாட்டினம்," என்றார் பெரியவர். "வெளியிலை நிண்டு, தகரப் பேணியிலை வாங்கிக் குடிச்ச மனுசன்."

சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது 1957இல். அதன் பிறகும் யாழ்ப்பாணத்தில் பல கடைகள் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் திறக்கவில்லை. இதை எதிர்த்து 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனது. தேநீர்க்கடைக்குள் உட்காரவும் கோயிலுக்குள் போகவும் தொடர்ந்த போராட்டத்தில் அடிபட்டார்கள், உயிரும் விட்டார்கள். பனையின் இனிப்பை ஊருக்கெல்லாம் ஊட்டியவர்களுக்கு ஒரு கோப்பை தேநீர் கிடைக்க இவ்வளவு நடக்கவேண்டியிருந்தது.

இப்போது கடை திறந்திருக்கிறது. விலைதான் அவர்கள் கையில் இல்லை. பருவம் தொடங்குமுன் முட்டிக்கும் சுண்ணாம்புக்கும் விறகுக்கும் காசு தேவை. வியாபாரி அப்போது முன்காசு தருகிறார், விலையையும் அப்போதே தீர்மானித்துவிடுகிறார். கைமாறியபின் சீனி கலக்கும் கலப்படமும் நடக்கிறது. கியோட்டோப் பைக்கற்றில் ஊர்ப்பெயர் பொறித்திருக்கிறது. புத்தூர்க் குட்டானில் ஒன்றும் இல்லை. பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது, கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. அந்த முன்காசை இவர்கள் கொடுத்து, காய்ச்சியவரின் பெயரைக் குட்டானில் போட்டு விற்க ஏன் முடியாது? மரத்தில் ஏறுகிறவருக்குத் தன் உழைப்பின் விலையைச் சொல்லும் உரிமைகூட இல்லையென்றால் அந்தத் தொழிலுக்கு யார் வருவார்கள்? இந்த வீட்டில் மகன் ஏறுவதில்லை, தகப்பனும் கேட்பதில்லை.

"வாற தைக்கும் ஏறுவீங்களோ, ஐயா?" என்று கேட்டேன்.

"முன்காசு வாங்கியாச்சே, தம்பி."