பகல்விளக்கு

சுற்றுலா என்றதும் எங்களுக்குச் சிறகு முளைத்துவிட்டது. பதினோராம் வகுப்பு மாணவியர் முப்பத்தெட்டுப் பேர், ஆசிரியைகள் இருவர், எங்கள் விடுதிப் பொறுப்பாளராகிய சிஸ்டர் என அனைவரும் கொச்சிக்குப் புறப்பட்டோம். சீன வலைகள், படகுப் பயணம், கடற்கரை, இவைதாம் எங்கள் மனத்தில் இருந்தன. ஒரு சின்னஞ்சிறு தொழுகைக்கூடம் எங்களைத் தலைகுனிய வைத்து, பிறகு நிமிரவும் வைக்கும் என்று யார் கண்டார்?

இரயிலில் நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். விடுதியில் செபம் சொல்லாமல் ஒரு கவளமும் வாயில் வைக்காத நாங்கள், அன்று எதிர் இருக்கையில் கல்லூரி மாணவர் சிலர் இருந்தமையால், புளியோதரைப் பொட்டலங்களை அவசரமாகப் பிரித்து உண்ணத் தொடங்கினோம். எங்களுள் ஒருத்தி நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோலச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள். மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தோம். சிஸ்டர் எல்லாவற்றையும் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. கைகூப்பிச் செபித்துவிட்டுத் தம் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

மறுநாள் காலை எர்ணாகுளத்திலிருந்து படகேறி மட்டாஞ்சேரி சென்றோம். வாசனைச் சரக்குகளின் மணம் கமழும் யூதத் தெருவில் நடந்தபோது, சில வீடுகளின் சன்னல் கம்பிகளிலே ஆறுமுனை விண்மீன் வடிவம் இருப்பதைக் கண்டோம். “அழகுக்காகவா சிஸ்டர்?” என்று கேட்டோம். “இது தாவீதின் விண்மீன். ‘இங்கே யூதர் வாழ்கிறோம்’ என்று தெருவுக்கே சொல்வது. 1941ஆம் ஆண்டில் ஜெர்மனியில் இதே விண்மீனை மஞ்சள் துணியில் வெட்டி யூதர்களின் சட்டையில் கட்டாயமாகத் தைக்கச் செய்தார்கள். அங்கே அவமானச் சின்னமாக்கப்பட்டது, இங்கே வீட்டின் அணிகலனாக இருந்தது” என்றார்கள்.

அப்போது எங்களுள் ஒருத்தி தயங்கியபடியே, “இயேசுவைக் கொன்றவர்கள் இவர்கள்தாமே?” என்று கேட்டுவிட்டாள். சிஸ்டர் கோபிக்கவில்லை. “பிள்ளாய், இயேசுவே யூதர், மரியன்னையும் யூதப் பெண். அந்தப் பழியை யூதர் அனைவர்மீதும் சுமத்தக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே தெளிவாக அறிவித்துவிட்டது. பாட்டிமார் சொன்னதையே நாமும் சொல்லிக்கொண்டிருக்கலாமா?” என்றார்கள்.

பரதேசி தொழுகைக்கூடம் 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. நம் கோயில்களைப் போலவே இங்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரையெங்கும் நீல வண்ணம் தீட்டிய சீன ஓடுகள். மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். திருச்சட்டமாகிய தோராச் சுருளுக்குத் திருவிதாங்கூர் மன்னர் 1805ஆம் ஆண்டில் பொன்முடி ஒன்றை வழங்கினாராம். பக்கத்திலேயே கொச்சி அரசரின் அரண்மனை, அதையொட்டி அம்மன் கோயில். தம் அரண்மனைக்கு அருகிலேயே இவர்களுக்கு இடமளித்த அரசரின் மனம் எவ்வளவு பெரியது!

அங்கே காக்கப்பட்டுவரும் செப்பேடுகளைப் பற்றி ஆசிரியை விளக்கினார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை அளித்தார். அதைப் பொறித்த எழுத்து வட்டெழுத்து. பண்டைத் தமிழ்க் கல்வெட்டுகளில் காணப்படும் அதே எழுத்து! குடை, பறை, தோரணம் ஆகியவற்றோடு ‘பகல்விளக்கு’ என்றும் ஓர் உரிமை அதில் உண்டு. பட்டப்பகலில் விளக்கு எதற்கு? வெளிச்சத்துக்காக அன்று, மரியாதைக்காக. ஊரார் காண நடுத்தெருவில் தலைநிமிர்ந்து செல்லலாம் என்பதற்காக. இரயிலில் வியர்வை துடைத்த கை எங்கள் நினைவுக்கு வந்தது. எவரும் எங்களைத் தடுக்கவில்லை; அப்படியிருந்தும் எங்கள் விளக்கை நாங்களே ஒளித்துக்கொண்டோமே!

இவர்கள் வாழ்வு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1662ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் இந்தத் தொழுகைக்கூடத்தைச் சேதப்படுத்தினார்கள். அவர்கள் கத்தோலிக்கர் என்பதைச் சிஸ்டர் மறைக்கவில்லை. “நாம் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்” என்று மெல்லிய குரலில் சொன்னார்கள். பின்னர் வந்த டச்சுக்காரர் காலத்தில் யூதர்கள் அதைச் செப்பனிட்டு, மீண்டும் அதே இடத்தில் தொழுதார்கள்.

பெண்பிள்ளைகளாகிய எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கொச்சி யூதப் பெண்கள் விவிலிய வரலாறுகளையும் திருமண வாழ்த்துகளையும் மலையாளத்தில் பாடல்களாகப் பாடினார்கள். அவற்றைக் குறிப்பேடுகளில் கைப்பட எழுதி, தாயிடமிருந்து மகளுக்கென்று காத்துவந்தார்கள். ஆண்கள் இருக்கும் அவையில் பெண்கள் பாடுவது பிற நாட்டு யூதர் பலரிடம் வழக்கமில்லை. இங்கேயோ திருநாளிலும் திருமணத்திலும் வாய்விட்டுப் பாடினார்கள். பள்ளி ஆண்டுவிழாவில் பாட அழைத்தால் தூணுக்குப் பின்னால் ஒளிகிற நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆயினும் கடவுள் பெயரால் கூடுகிற இடத்திலும் மனிதர் வேற்றுமை பாராட்டுவதுண்டு. முன்னோர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள் என்ற காரணத்தால், சில குடும்பத்தார் இதே தொழுகைக்கூடத்தில் சம உரிமையின்றி ஒதுக்கப்பட்டிருந்தார்கள். அக்குடும்பங்களில் ஒன்றில் 1882ஆம் ஆண்டு பிறந்தவர் ஏ. பி. சேலம். சென்னையில் படித்து வழக்கறிஞரானவர். கொச்சிச் சட்டசபையிலும் இருந்தவர். அவர் தம் சமயத்தை விட்டு ஓடவில்லை, வசைபாடவுமில்லை. காந்தியடிகளின் அறவழியைக் கைக்கொண்டு, ‘நானும் யூதன்’ என்று சொந்த மக்களிடமே உரிமை கேட்டார். படிப்படியாகத் தடைகள் தளர்ந்தன; அவர் பிள்ளைகள் திருநூல் வாசிக்க அழைக்கப்படும் நாளும் வந்தது. ‘யூத காந்தி’ என்றே அவரை அழைத்தார்கள். 1967ஆம் ஆண்டு அவர் காலமானார். வெளியாரிடம் தலைநிமிர்வது ஒரு துணிவு; வீட்டாரிடம் தலைநிமிர்வது அதனினும் பெரிய துணிவு அன்றோ!

1948ஆம் ஆண்டில் இஸ்ரயேல் நாடு உருவான பின், 1950களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தார்கள். துரத்தப்பட்டுப் போனவர்கள் அல்லர். முன்னோர் செபத்தில் கேட்ட நாட்டுக்கு விரும்பிப் போனவர்கள். 1968ஆம் ஆண்டு நடந்த நானூறாம் ஆண்டு விழாவிற்குப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரே வந்திருந்தார். இன்றோ அத்தெருவில் எஞ்சியுள்ள யூதரைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

வெளியே வந்து மணிக்கூண்டின் நிழலில் அமர்ந்தோம். எங்களுள் பொட்டு வைத்தவர்களும் உண்டு. சிலுவை அணிந்தவர்களும் உண்டு. நோன்பு நோற்பவளும் ஒருத்தி உண்டு. அவள்தான் முதலில் வாய் திறந்தாள். “போன ரமலானில் ‘வயிற்றுவலி, சாப்பாடு வேண்டாம்’ என்று தினமும் சொன்னேனே, அது பொய். நான் நோன்பு இருந்தேன். முதல் நாள் நீங்கள் ‘எச்சில்கூட விழுங்கமாட்டாயாமே’ என்று கேலி செய்தீர்கள். அதனால்தான் மறைத்தேன்.”

எங்களுக்குச் சுருக்கென்றது. எதிரில் இருந்தவர்கள் சிரிப்பார்களோ என்று ஒரு வேளை அஞ்சியதற்கே எங்களுக்கு வெட்கமாயிருந்தது. அவள் முப்பது நாள் அஞ்சியிருக்கிறாள், அதுவும் எங்களுக்கு அஞ்சி! அரசர் அயலாருக்குப் பகல்விளக்குக் கொடுத்தார். நாங்களோ தோழியின் விளக்கை ஊதி அணைத்திருக்கிறோம். மன்னிப்புக் கேட்டோம். கேலியைத் தொடங்கியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

“கடவுளை நம்புகிறவர் தம் நம்பிக்கையை மறைக்கவும் வேண்டாம், பிறர் நம்பிக்கையை மறைக்கச் செய்யவும் வேண்டாம்” என்றார்கள் சிஸ்டர். நீண்ட அறிவுரை எதுவும் அன்று இல்லை.

திரும்பும் இரயிலிலும் எதிரே அந்நியர்தாம். பொட்டலங்களைப் பிரிக்குமுன் நாங்கள் கைகூப்பினோம். சிலுவை அடையாளத்தை நெற்றி, மார்பு, தோள் என முழுமையாக வரைந்தோம். இந்துத் தோழியர் கண்மூடி அமர்ந்திருந்தார்கள். எங்கள் முஸ்லிம் தோழி ‘பிஸ்மில்லாஹ்’ என்று வாய்விட்டே சொன்னாள். எதிரில் இருந்த பெரியவர் ஒருவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, நாங்கள் முடிக்கும்வரை காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

இந்த ஆண்டு ரமலானில் எங்கள் வகுப்பில் எவருக்கும் வயிற்றுவலி வரவில்லை.