சாக்கு விரிக்காத சீட்

"அண்ணே, பணக்காரங்க வீட்டு ஓட்டைக் காரைப் பாத்து நீங்க எதுக்கு இப்படி வாயப் பொளக்கறீங்க?"

போன மாதம் பெங்களூரில் ஒரு பழைய கார் கண்காட்சியில் நின்றிருந்தபோது, கூட வந்த சட்டக் கல்லூரித் தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். அங்கே ஒவ்வொரு காரின் முன்னும் ஒரு பலகை. அதில் வாங்கிய தாத்தாவின் பெயர், பாதுகாத்த பேரனின் பெயர். அந்தப் பலகைகளில் நம் ஆட்களுக்கு இடமில்லை. ஆனாலும் எனக்குப் பழைய கார்கள் பிடிக்கும். ஏன் என்று அன்று அவனிடம் சரியாகச் சொல்ல வரவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் மத்திகிரி. ஓசூருக்குப் பக்கம். 1824இல் வெள்ளைக்காரன் படைக்குக் குதிரை வளர்க்க ஆரம்பித்த பண்ணை, இன்று அரசு கால்நடைப் பண்ணையாக 1,600 ஏக்கருக்கும் மேல் விரிந்து கிடக்கிறது. என் தாத்தா அங்கே சாணி அள்ளியவர். என் நைனா ஓசூரில் ஒரு மெக்கானிக் செட்டில் ஹெல்பர். பள்ளி விடுமுறை நாட்களில் அவருக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. 1980களின் நடுப்பகுதி அது.

அந்தச் செட்டில்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்த்தேன். 1961 முதல் சென்னைப் பெருங்களத்தூரில் தயாரான கார். மைக்கெலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்தது. மற்ற கார்களில் பானெட்டை மட்டும் தூக்குவார்கள். இதில் மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்த்து மூஞ்சி முழுவதும் முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நாலு கதவு வைத்த ஹெரால்டு உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் வந்தது. குடும்பத்தோடு போகிற ஊருக்கு இரண்டு கதவு போதாது என்று புரிந்துகொண்டு செய்த மாற்றம் அது. மெக்கானிக்குக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற கார் வேறு இல்லை என்பார் நைனா.

வேலை முடிந்ததும் வண்டியை ட்ரையல் பார்க்க வேண்டும். நைனா ஏறுவதற்கு முன் முதலாளி டிரைவர் சீட்டில் ஒரு கோணிச் சாக்கை விரிப்பார். கிரீஸ் ஒட்டாமல் இருக்க என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் இன்னொரு மெக்கானிக் ட்ரையல் எடுத்தார். நைனாவின் கால்சட்டையை விட அவருடையதில் அழுக்கு அதிகம். சாக்கு வரவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆனாலும் புரிந்துவிட்டது. என்ஜினைப் பிரித்து மாட்ட அந்தக் கை வேண்டும். சீட்டில் அந்த உடம்பு படக் கூடாது.

அதே செட்டின் மூலையில் ஒரு விசித்திரமான வண்டி கிடந்தது. பாதல். 1970களில் பெங்களூரில் சன்ரைஸ் கம்பெனி செய்தது. முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் இரண்டு. 198 சிசி என்ஜின் பின்பக்கம். உடம்பு முழுக்க ஃபைபர். துருப்பிடிக்காது. அடிபட்டால் டிங்கரிங் வேண்டாம். ஃபைபர் மேட் ஒட்டி, ரெசின் பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். அதே கம்பெனி பிறகு சிபானி என்ற பெயரில், இங்கிலாந்தின் ரிலையண்ட் கிட்டன் காரை வைத்து 848 சிசி டால்ஃபினைக் கொண்டு வந்தது. எடை குறைவு என்பதால் ராலிகளில் பறந்தது. ஆனால் மக்கள் அதை பிளாஸ்டிக் வண்டி என்றார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதோடு இவற்றின் கதை தேய்ந்தது.

எங்கள் செட்டுப் பாதலை விட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. ஒரு மத்தியானம் நைனா அதன் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்து, "ஏறுடா" என்றார். நான் சாக்கைத் தேடினேன். "இதுக்குச் சாக்கு வேணாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து சோறு தின்றோம். யாருக்கும் வேண்டாத வண்டியில்தான் நாங்கள் முதன்முதலாகச் சாக்கில்லாமல் உட்கார்ந்தோம்.

கல்லூரியில் அண்ணலின் 'வெய்ட்டிங் ஃபார் எ விசா' குறிப்புகளைப் படித்தபோது அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. 1901இல், சிறுவன் பீமராவும் உடன் வந்த பிள்ளைகளும் மசூர் ரயில் நிலையத்தில் மாட்டுவண்டி கேட்கிறார்கள். இரண்டு மடங்கு கூலி தருகிறோம், நாங்களே ஓட்டிக்கொள்கிறோம் என்ற பிறகுதான் வண்டிக்காரர் சம்மதிக்கிறார். 1929இல் அவர் பாரிஸ்டர். சாலிஸ்கானில் ஒரு குதிரைவண்டிக்காரரும் அவரை ஏற்றி ஓட்டத் தயாராக இல்லை. வண்டி மட்டும் வாடகைக்குக் கிடைக்கிறது. நம் ஆள் ஒருவர் பழக்கமே இல்லாமல் ஓட்டுகிறார். பாலத்தில் சக்கரம் சிக்கி, வண்டியும் குதிரையும் ஆற்றில் விழுகின்றன. அண்ணலின் கால் எலும்பு முறிகிறது.

அதற்கு முன்பே, 1893இல், அய்யங்காளி வெங்கானூரில் ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளை வேட்டி, தலைப்பாகையோடு, நம் மக்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். அந்த வண்டி இன்று இருந்தால் எந்தக் கண்காட்சியிலும் முதல் வரிசையில் நிற்க வேண்டியது அதுதான். ரோல்ஸ்ராய்ஸ் அதற்குப் பின்னால் நிற்கட்டும்.

எனவே தம்பி, என் பதில் இதுதான். வண்டியில் யார் ஏறலாம், யார் ஓட்டலாம், யார் கீழே நடக்க வேண்டும் என்று சாதி எப்போதும் கணக்கு வைத்திருக்கிறது. குதிரையில் ஏறிய நம் மாப்பிள்ளையை இன்றும் அடிக்கிறார்கள். ஆனால் அதற்காக வண்டி அவர்களுடையதாகிவிடாது. அந்தக் கார்கள் இத்தனை ஆண்டு ஓடியது, என் நைனாவைப் போன்றவர்கள் அவற்றின் அடியில் முதுகு தேயப் படுத்துக்கிடந்ததால். அதன் அழகை ரசிக்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ரசிக்கும்போதே, பலகையில் விட்டுப்போன பெயர் எது என்றும் கேட்பேன்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் கேளுங்கள். முதலில் சைக்கிள் வாங்கியது யார்? ஊர்த்தெருவில் இறங்கித் தள்ளச் சொன்னார்களா? அப்பா யாருடைய டிராக்டரை, யாருடைய லாரியை ஓட்டினார்? பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாரா? கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். நான் கேட்கத் தாமதித்தேன். அந்தச் சாக்கைப் பற்றி நைனா எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை. நானும், தெரியும் என்று அவரிடம் சொன்னதில்லை. இப்போது அவர் இல்லை.

ஜெய்பீம்.